துண்டுக்குள் கைமாறிய பெயர்

ஆர்ட்லிபுரத்துக்கு மான்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை. அது மாட்டுச் சந்தை கூடும் நாள், ஆகையால் அவற்றைப் பார்த்து ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, வாயைப் பிளந்ததெல்லாம் மான்கள்தான். சந்தைத் தரகர்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தாடையை விலக்கிப் பல்லைப் பார்த்து, இது ரெண்டு பல், இது நாலு பல், இது கிழடு, கறவைக்கும் ஆகாது ஏருக்கும் ஆகாது, ஆனாலும் கண்ணு லெட்சணமா இருக்கு என்று மதிப்புச் சொல்லி முடித்துவிட்டார்கள். தேரிக்காட்டுச் செம்மணல் மேட்டிலிருந்து கொம்பும் குளம்புமாக இறங்கி வந்த அந்தக் கூட்டம் புளியமரத்தடியில் மாட்டோடு மாடாக நின்று வைக்கோல் தின்றது, பொழுது சாய்ந்தும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, ஊர்க்காரர்களும் அவற்றுக்குச் சேர்த்தே தொட்டியில் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள்.

அதே வாரம் பக்கத்து ஊரான ஆர்லிபுரத்தில் முயல்கள் வந்து நிறைந்தன. இரண்டு ஊரையும் உண்டாக்கியவர்கள் ஒரே கப்பலில் வந்திறங்கிய இரண்டு வெள்ளைக்காரப் பாதிரிமார், ஒருவர் ஆர்ட்லி, ஒருவர் ஆர்லி, பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல இருந்ததால் இந்த ஊர்க் கல்யாணப் பத்திரிகை அந்த ஊருக்குப் போவதும் அந்த ஊர் மாப்பிள்ளை இந்த ஊரில் வந்து இறங்குவதும் வழக்கம். பாதிரியார் ஐசக் செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, கேட்கத்தான் ஒன்றுபோல, வேர் வேறு, நம்முடைய பெயருக்கு இங்கிலீஷ்காரன் நாட்டில் மான் மேயும் வெளி என்று அர்த்தம், அவர்களுடையதற்கு முயல் திரியும் வெளி என்று அறிவித்தார். அவ்வளவுதான். நமக்கு மான், அவனுக்கு முயல் என்பதில் ஊருக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஊர்ப்பெயர் வந்தது, அதன் பின்னால் ஆட்பெயர்கள் வந்தன. டீக்கடை பால் நாளொரு விரற்கடையாகக் குட்டையாகி, கடைசியில் பாய்லருக்கு எட்டாமல் முக்காலி போட்டு ஏறினார், பால் என்றால் சின்னவன் என்று அர்த்தமாம். டியூஷன் வாத்தியார் லியோவுக்குத் தொண்டையில் சிங்கம் குடியேறி, அவர் 'அ' என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடின. கால்வினுக்கு ஒரே வாரத்தில் தலை வழுக்கையானது. தாமஸ் ஒருநாள் காலையில் பல் துலக்கப் போனபோது கிணற்றடியில் இன்னொரு தாமஸ் அதே வேப்பங்குச்சியோடு உட்கார்ந்திருந்தான், தாமஸ் என்றால் இரட்டைப்பிள்ளை. அவன் பெண்டாட்டி இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரெண்டு பேர்ல ஒருத்தன் விறகு வெட்டட்டும், மத்தவன் தண்ணி எடுக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். பாதிரியார் ஐசக்கின் பாடுதான் பெரும்பாடு. அவர் பெயருக்குச் சிரிப்பவன் என்று அர்த்தம், அவர் சாவு வீட்டில் ஜெபம் பண்ணும்போதெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார், பிணத்துக்குச் சொந்தக்காரர்கள் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், கடைசியில் பாதிரி ஐயர் சிரிக்காத சாவு என்ன சாவு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

தமிழ்ப்பெயர் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுத் தரகர் ஜேக்கப்பின் மனைவி பொன்மணிக்கு அதில் வருத்தம் உண்டு, ஒரு குண்டுமணிப் பொன்னாவது காதில் முளைக்கக்கூடாதா என்று கண்ணாடி பார்ப்பாள். பிறகு அவளே காரணமும் சொன்னாள்.

"நம்ம பேருக்கு அர்த்தம் நமக்குத் தெரியும், அதனால அது சும்மா கிடக்கு. உங்க பேருங்க தலைமுறை தலைமுறையா உங்க முதுகுல ஏறிக்கிட்டு வருது, நீ யாரு, எங்கேருந்து வாறேன்னு ஒருத்தராவது கேட்டீயளா? இப்ப அதுகளா வந்து சொல்லுது."

ஜேக்கப் அவளை அதட்டினார். அவர் யாரையும் அதட்டுவார். தாய் தகப்பன் தெரியாமல் சந்தையில் மாட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே படுத்து வளர்ந்தவர், மிதி வாங்கி மிதி வாங்கித்தான் எந்த மாடு உதைக்கும், எந்த மனுசன் உதைப்பான் என்று படித்தவர். இன்று ஏழு ஊர்ச் சந்தையில் அவர் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டுக்கு இருக்கும் மரியாதை வேறு யார் துண்டுக்கும் கிடையாது. துண்டை விரிப்பார், வாங்குகிறவன் கை ஒரு பக்கம், விற்கிறவன் கை ஒரு பக்கம், நடுவில் அவர் விரல்கள். மேலே ஊர்ப்பேச்சு நடக்கும், வானம் பார்த்துக் கொட்டாவி விடுவார், உள்ளே விரலைப் பிடித்து அமுக்கி விலை பேசி முடித்திருப்பார், துண்டு விலகும்போது மாடு கைமாறியிருக்கும். அந்தத் துண்டுக்கு ஒரே ஒரு நீதி இருந்தது. பால் எவ்வளவு கறக்கும் என்பதில் பொய் சொல்லலாம், ராசியில்லாத சுழியை மறைக்கலாம், வயசைக் குறைக்கலாம், வாங்குகிறவன் சாமர்த்தியம். ஆனால் கால் குறையைச் சொல்லாமல் துண்டு விரிக்கக் கூடாது. வாங்கியவன் அந்த மாட்டைத் தேரி மணலில் ஓட்டிக்கொண்டுதான் ஊர் போகவேண்டும். மணலுக்குள் கால் தாங்கி நொண்டும் மாடு பாதி வழியில் சரிந்தால் அதைத் தூக்க ஆளும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஜேக்கப் கையால் அடித்த தரகர்கள் உண்டு, வாயால் திட்டாத தரகர்களே இல்லை, ஆனால் ஜேக்கப் கால் குறையை மறைத்தார் என்று சொல்ல ஏழு ஊரிலும் நாக்கு கிடையாது.

அவர் பெயர் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

"என்னவே, உமக்கு மட்டும் ஒண்ணும் வரல்லையே?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"ஜேக்கப்புன்னா குதிகாலைப் பிடிக்கிறவன். எத்தன்னும் சொல்லுவாவ" என்றார் பாதிரியார், சிரித்துக்கொண்டே.

"அப்ப அவருக்கு அது சந்தைக்கு வந்த அன்னைக்கே வந்துட்டு" என்றான் தாமஸ். இன்னொரு தாமஸும் தலையாட்டினான். கடை முழுக்கச் சிரித்தது, ஜேக்கப்பும் காறித் துப்பிவிட்டுச் சிரித்தார்.

பெயர் மாற்றும் வழியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். குட்டையாகிப் போன பால் கோயிலில் போய் மறுபடி ஞானஸ்நானம் கேட்டார், கிடைத்தது, பலிக்கவில்லை. தாசில்தார் ஆபீசில் எழுதிக்கொடுத்தார், முத்திரை விழுந்தது, அதற்குள் இன்னும் ஒரு சாண் குறைந்திருந்தார். ஒரு வியாழன் அவர் புலம்பல் தாங்காமல் ஜேக்கப் எரிச்சலில் துண்டை உதறி, டீக்கடைக்காரர் கையையும் அங்கே நின்ற லியோ வாத்தியார் கையையும் உள்ளே இழுத்து, இவன் பேரு உனக்கு உன் பேரு இவனுக்கு, விடுங்கடா கையை என்று கத்தினார். துண்டு விலகியது. டீக்கடைக்காரர் நெடுநெடுவென்று எழுந்து சந்தை அதிர டீ டீ என்று கர்ஜித்தார், வாத்தியார் பெஞ்சுக்கடியில் நின்றுகொண்டு முதல் தடவையாகப் பிள்ளைகளுக்குப் பயமில்லாத உயரத்தில் இருந்தார். இருவருக்கும் சந்தோஷம். அன்றிலிருந்து சந்தையில் மாடு பாதி, பெயர் பாதி என்று வியாபாரம் நடந்தது.

ஜேக்கப்புக்கு ஒரே மகள், கிளாடியா. பத்தாம் வகுப்புப் படித்தாள், பள்ளிக்கூடத்துப் பந்தயங்களில் அவள் ஓடினால் மற்றவர்கள் நடப்பது போல இருக்கும். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் புளோராவின் மகள் கிளாரா. பெயர்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றதால் டீச்சர் இருவரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவாள், இருவரும் ஒரே மூச்சில் எழுந்திருப்பார்கள், ஒரு கொய்யாவை இருவரும் கடிப்பார்கள். புளோரா புருஷனை இழந்தவள், பனையேறப் போன இடத்தில் மட்டை முறிந்து அவன் போனான், அவள் சந்தை வாசலில் புட்டு அவித்து விற்றாள். பெயர்கள் வரத் தொடங்கியபோது அவள் கொண்டையில் பூக்கள் முளைத்தன, பிச்சியும் கேந்தியும் பேர் தெரியாத மஞ்சள் பூவும், விடியற்காலையில் மகள் பறித்துக் கூடையில் போட, புட்டோடு பூவும் விற்றாள். அவள் மகளுக்கு வந்தது வெளிச்சம். கிளாரா என்றால் ஒளி. கழுத்திலும் கன்னத்திலும் விரல் நுனியிலும் பால் காய்ச்சும்போது எழும் வெண்மைபோல ஒரு பிரகாசம், கரண்ட் போன சாயங்காலங்களில் தெருப் பெண்கள் புளி உடைக்கவும் பீடி சுற்றவும் புளோரா வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், அவளும் ஈசலைத் தட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள்.

கிளாடியாவின் கால் ஒரு காலையில் தாங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவளைப் பின்னாலிருந்து பார்த்தார் ஜேக்கப். ஆயிரம் மாட்டைப் பின்னாலிருந்து பார்த்த கண் அது, வலது கால் தரையைத் தொடுவதற்கு ஒரு இமை நேரம் தயங்கியதை அவளுக்கு முன் அவர் கண்டுகொண்டார். கேட்டவர்களிடமெல்லாம் முள் என்றார், சுளுக்கு என்றார், எண்ணெய் போட்டார், வைத்தியரிடம் காட்டினார், ஒவ்வொரு நாளும் அந்தத் தயக்கம் வளர்ந்தது. அவர் பாதிரியாரிடம் போனார்.

ஐசக் செல்போனைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினார், கைக்குட்டையைக் கடித்தார், சிரிப்பு விரலிடுக்கில் பீறிட்டது.

"சொல்லும் ஐயரே, என்ன போட்டிருக்கு?"

"ஜேக்கப்பு... ஹஹ்ஹா... மன்னிச்சிரும்... இது லத்தீன்... கிளாரா வேற, கிளாடியா வேற... இதுக்கு... இதுக்கு நொண்டுறதுன்னு அர்த்தம் ஐயா!"

சொல்லிவிட்டுப் பாதிரியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார், கன்னத்தில் தாரை தாரையாக வழிந்தது, மன்னிச்சிரும் மன்னிச்சிரும் என்று அழுதுகொண்டே சிரித்தார். ஜேக்கப் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். பிறகு விட்டுவிட்டார். அந்தப் பெயரை வைத்தது ஐயர் அல்ல. ஏதோ ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில் பெண்ணின் பெயர் காதில் விழுந்து, என்ன ஒரு மிடுக்கு என்று மயங்கி, என்னவென்று ஒருவரிடமும் கேட்காமல், மாட்டுக்குப் பல் பார்க்கிற மனுசன் மகளுக்குப் பெயரைப் பல் பார்க்காமல் கொண்டுவந்து கட்டியிருந்தார்.

அடுத்த வியாழன் அவர் புளோராவிடம் போனார். பின்னால் ஒரு கறவைப் பசு, கன்றோடு.

"என்ன அண்ணாச்சி, பசு பவுசா இருக்கே. யாருக்கு?"

"உனக்குத்தான்."

"கேலி பண்ணாதீங்க."

"உம் மக பேரைக் கொடு. எம் மக பேரை எடுத்துக்கோ. அதுக்கு மேல இந்தப் பசுவும் உனக்கு."

புளோரா புட்டுக்குழலைக் கீழே வைத்தாள். "எதுக்கு? அந்தப் பேரு அவ அப்பன் வச்சது. பிரசவம் பாத்த நர்சம்மா பேரு."

"ஏ, யோசிச்சுப் பாரு புளோரா. நாளைக்கு இவளைக் கட்டுறவன் டியூப்லைட்டையா கட்டிக்கிட்டுப் போவான்? வீடு முழுக்க ஊர்க்காரி கூட்டம், பிள்ள எப்ப படிக்கும், எப்ப உறங்கும்? கிளாடியா, கிளாரா, ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிப் பேரு. நாலு நாள்ல பழகிரும்."

அவள் பசுவைப் பார்த்தாள். கன்று அவள் கொண்டையிலிருந்த பூவை இழுத்துத் தின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குப் பெயர் என்றாலே பூ, பெயர் என்றாலே வெளிச்சம், பெயர்களால் கெடுதி வரும் என்று அவள் தலையில் எதுவும் முளைத்திருக்கவில்லை. ஆனாலும் சந்தை வாசலில் காலம் தள்ளியவள், கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"அந்தப் பேரு என்ன செய்யும் அண்ணாச்சி?"

சந்தை இரைந்துகொண்டிருந்தது. ஒரு மான் அவர்கள் நடுவே புகுந்து புட்டு வாசனை பிடித்துவிட்டுப் போனது. ஜேக்கப் வானத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார்.

"ஒண்ணும் செய்யாது. சும்மா பேருதான்."

துண்டை விரித்தார். அவள் கை உள்ளே வந்தது, மாவு ஒட்டிய, சூடான, நம்பிய கை. எத்தனையோ கைகளை அந்தத் துண்டுக்குள் பிடித்திருக்கிறார், நடுங்கிய கை, வியர்த்த கை, ஏய்க்கப் பார்த்த கை; அந்தக் கையின் விரலையும் பிடித்து அமுக்கினார். துண்டு விலகியது.

அவர் வீட்டுக்குப் போனபோது மகள் ஓடி வந்து கதவைத் திறந்தாள். ஓடி வந்தாள். அவள் பின்னால் கூடம் முழுக்க வெளிச்சமாக இருந்தது.

புளோராவின் மகள் அடுத்த வாரத்தில் கால் தாங்கத் தொடங்கினாள், அதற்கடுத்த வாரம் மணலில் கோடிழுத்தபடி நடந்தாள். ஊர் அதையும் எடுத்துக்கொண்டது, எதையும் எடுத்துக்கொள்கிற ஊர். பஸ்காரர் அவளுக்காக இரண்டு ஆரன் கூடுதலாக அடித்து நின்றார், பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள், இரண்டு தாமஸும் சேர்ந்து வேலங்கம்பில் ஒரு ஊன்றுகோல் செதுக்கிக் கொடுத்தார்கள். ஜேக்கப்பை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாதிரியார் மட்டும் வழியில் நிறுத்தி, "குறையைச் சொல்லித்தானே மாத்தினீரு?" என்று கேட்டார், ஜேக்கப், "எம் துண்டு உமக்குத் தெரியாதா?" என்றார், ஐயர் சிரித்துத் தலையசைத்துப் போனார். அந்த ஒரு வார்த்தையிலிருந்து ஊர் ஒரு நியாயத்தைக் கட்டிக்கொண்டது. ஜேக்கப் கால் குறையை மறைக்கிறவர் அல்ல. ஆகையால் சொல்லியிருப்பார். ஆகையால் புளோரா தெரிந்தேதான் கை நீட்டியிருக்கிறாள். பசுவுக்காகப் பெற்ற பிள்ளையின் காலை விற்றவள்.

அவள் புட்டு மிஞ்சியது. பூக்கூடை அப்படியே வாடியது. சாயங்காலங்களில் புளி உடைக்க வந்தவர்கள் இப்போது ஜேக்கப் வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள், வந்து உட்கார்ந்து புளியோடு சேர்த்துப் புளோராவையும் உடைத்தார்கள், கொட்டை தனியாக நார் தனியாக.

ஒருநாள் ஜேக்கப் சந்தை வாசலில் நின்றபோது ஒரு கிழவி புளோராவின் முகத்துக்கு நேரே கேட்டாள், "உனக்கு நெஞ்சு கல்லா ஏட்டி? அவரு சொல்லியும் மாத்தியிருக்கியே?"

புளோரா ஜேக்கப்பைப் பார்த்தாள். அவர், இப்போது உடைத்துவிடுவாள், உடைத்துவிடட்டும் என்று நின்றார். அவள் முகத்தில் கோபம் இல்லை, தேடல்தான் இருந்தது, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தவளைப்போல.

"அண்ணாச்சி சொல்லியிருப்பாரு" என்றாள் மெதுவாக. "அவரு சொல்லாம இருக்கமாட்டாரு. எனக்குத்தான் பசுவைப் பாத்த மயக்கத்துல புத்தியில ஏறல்ல போல."

ஜேக்கப் அன்று ஒரு மாட்டுக்கும் துண்டு விரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் குறுக்கே வந்த ஒரு மானைக் கல்லால் அடித்தார், அது போகவில்லை, நின்று அவரைப் பார்த்தது.

வீட்டில்தான் அவருக்கு ஒளிய இடம் இல்லை. முன்பெல்லாம் கரண்ட் போனால் மனுசனுக்கு ஒரு இருட்டு மிச்சம் இருந்தது. இப்போது மகள் கூடத்துக்கு வந்தால் பாத்திரத்தின் அடிக்கரி தெரிந்தது, உத்தரத்துப் பல்லியின் வயிற்றுக்குள் முட்டை தெரிந்தது, அவர் கை விரல்கள் ஒவ்வொன்றும் ரேகையோடு தட்டில் தெரிந்தன. பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார், வெளிச்சம் நெய்த இழைக்குள் நுழைந்து வந்தது. கண்ணை மூடினார், இமைக்குள்ளும் வந்தது.

"உம்ம மூஞ்சியில என்னமோ கிடக்கு" என்றாள் பொன்மணி. "நாலு வாரமாப் பாக்குதேன்."

"உன் வேலையைப் பாருட்டி."

மகள் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். பெயர் மாறிய அன்றிலிருந்து அவள் பள்ளியில் பெஞ்சு மாறி உட்கார்ந்திருந்தாள், டீச்சர் இருவரையும் ஒரே மூச்சில் கூப்பிடும்போது ஒருத்தி எழுந்திருக்க நேரமாகிறது, மற்றவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"யப்பா. அந்தக் குறையைச் சொன்னீயளா?"

"எந்தக் குறை?"

"கால் குறை."

ஜேக்கப் தட்டைத் தூக்கி எறிந்தார். சோறு சுவரில் அப்பியது. யாருக்காகச் செஞ்சேன், எவளுக்காகச் செஞ்சேன், நீ நொண்டிக்கிட்டு நிக்கிறதைப் பாக்க எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு, நான் மிதிபட்டேன்டீ, நீ மிதிபடக் கூடாதுன்னு செஞ்சேன் என்று தெரு கேட்கக் கத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கத்தி முடிக்கும்வரை அவர் முகத்துக்கு நேரே விளக்குப் பிடிப்பதுபோல உட்கார்ந்திருந்தாள், அவர் முகத்தில் இருந்ததை எல்லாம் படித்துவிட்டு, "சொல்லல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுவரில் இருந்த சோற்றை வழித்து எடுத்தாள்.

வியாழக்கிழமை உச்சிவெயிலில், சந்தை நிறைந்து நின்ற வேளையில், ஜேக்கப் புளியமரத்தடியில் துண்டை விரித்தார். மாட்டுக்காரர்கள் கூடினார்கள். அவர் புளோராவைக் கூப்பிட்டார். அவள் மகள் கம்பூன்றிப் பின்னால் வந்தாள், ஜேக்கப்பின் மகளும் வந்து நின்றாள், வெயிலில் அவள் வெளிச்சம் தெரியவில்லை.

துண்டுக்கு மேலே ஊர்ப்பேச்சு பேசுகிறவர் அன்று வானத்தைப் பார்க்கவில்லை.

"கேளுங்கவே எல்லாரும். நான் இவளுக்குக் கொடுத்த பேர்ல கால் குறை இருந்தது. எனக்குத் தெரியும். இவ கேட்டா. நான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். இவ காதுல கோளாறு இல்ல, புத்தியில மயக்கம் இல்ல. நான்தான் மறைச்சேன்."

சந்தை அடங்கியது. டீக்கடையிலிருந்து ஒரு சிறு கர்ஜனை எழும்பி நின்றுபோனது. புளோரா பூக்கூடையைத் தூக்கி அவர் தலையில் அடித்தாள், ஒருமுறை, இன்னொருமுறை, மூங்கில் சிம்பு நெற்றியைக் கிழித்தது, பிச்சிப்பூக்கள் அவர் தோளெல்லாம் சிதறின.

"எம் மேலேயே எனக்குச் சந்தேகம் வர வச்சிட்டீரே, பாவி! நான் ராத்திரியெல்லாம் அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேனே!"

அவர் கை தூக்கவில்லை. துண்டு தோளில் ஏறிய பிறகு முதல் தடவையாக ஒரு அடியை முழுசாக வாங்கினார்.

"பேரைத் திருப்பிக்கிடுவோம்" என்றார். "பசு உன்னோடயே இருக்கட்டும்."

"நில்லுங்க" என்றாள் கம்பூன்றியவள். அவள் அம்மாவைப் போல அல்ல, குரலில் ஒரு கடினம் இருந்தது. "ரெண்டு பெரியாளும் கையை உள்ள விட்டு மாத்துனீயளே, பேரு யாருது? எங்கிட்ட கேட்டீயளா? இவகிட்ட கேட்டீயளா? கால் எனக்குப் பழகிப்போச்சு. நான் நடப்பேன், மெதுவா நடப்பேன். எனக்கு எம் பேரு வேணும், அது எங்கப்பா கூப்பிட்ட பேரு. ஆனா இந்தத் தடவை எங்க கைதான் துண்டுக்குள்ள போகும்."

"ஆமா" என்றாள் ஜேக்கப்பின் மகள். "எம் பேரை நானே எடுத்துக்கிடுதேன்."

"கால் போயிருமேட்டி" என்றாள் மற்றவள் தாழ்ந்த குரலில். "நீ ஓடுறவ."

"உனக்குப் போனப்ப நான் ஓடிக்கிட்டுத்தானே இருந்தேன்."

தோழிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிவப்புத் துண்டுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் உள்ளே போயின. துண்டைப் பிடித்து நின்றவர் ஜேக்கப், தரகர் பிடிக்காமல் துண்டு செல்லாது. கிளாரா என்ற பெயர் அதன் சொந்தக்காரியின் உள்ளங்கைக்குத் திரும்பிப் போனதை அவர் விரலில் உணர்ந்தார், வெதுவெதுப்பாக. அடுத்து கிளாடியா என்ற பெயர் புளோரா மகளின் விரல் நுனியிலிருந்து விடுபட்டது, கனமாக, குளிர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து. அவர் மகள் விரலை நீட்டினாள்.

ஏழு ஊர்ச் சந்தையிலும் ஜேக்கப்பைவிட விரைந்த விரல் கிடையாது. எத்தனையோ பேரங்களைக் கண் மூடித் திறப்பதற்குள் நடுவில் புகுந்து தட்டிப் பறித்த விரல் அது. மகளின் விரல் அந்தப் பெயரைத் தொடுவதற்கு ஒரு இமை நேரம் முன்பு அவர் விரல் புகுந்து அதை வளைத்து எடுத்துக்கொண்டது, எடுத்த கையோடு தன்னிடமிருந்த ஒரே பெயரை அவள் உள்ளங்கையில் அமுக்கி, விரல்களை மடக்கி மூடியது. துண்டை உதறினார்.

அவர் மகள் கையை விரித்துப் பார்த்தாள். தன் கால்களைப் பார்த்தாள், இரண்டும் ஒழுங்காக ஊன்றி நின்றன. அப்பாவைப் பார்த்தாள். அவர் மாடு கட்டும் தறியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வலது கால் தரையைத் தொடத் தயங்கியது.

"ஏமாத்திட்டீயளே!" என்று அவள் அலறினாள். "மறுபடியும் ஏமாத்திட்டீயளே!"

"கடைசித் தடவை" என்றார். "இனிமே அந்த எத்தன் பேரு எங்கிட்ட இல்ல."

அன்றிலிருந்து ஆர்ட்லிபுரத்தில் முறுக்கு மீசையும் சிவப்புத் துண்டுமாக ஒரு கிளாடியா நடமாடினார். முதல் வாரம் சந்தை வாய்விட்டுச் சிரித்தது, ஏ கிளாடியா, இங்கன வாவே என்று கூப்பிட்டுப் பார்த்தது, அவர் கம்பை ஓங்கினார், கெட்ட வார்த்தை பேசினார், பிறகு திரும்பிப் பார்த்து என்னவே என்று கேட்டார். அப்புறம் அதுவும் பழகிவிட்டது. அவரிடம் யாரும் துண்டு விரிக்கச் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. காலையில் மான்களுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவார், பிறகு சந்தை வாசலில் மாடு வாங்கிப் போகிறவர்களை நிறுத்தி, கால் பாத்தீரா, நல்லாப் பாத்தீரா என்று கேட்பார். புளோராவின் புட்டு விற்றது, பூவும் விற்றது, அவள் அவருக்கு மட்டும் விற்கவில்லை. வெளிச்சம் திரும்பிய வீட்டுக்குப் புளி உடைக்கப் பெண்கள் திரும்பினார்கள். புளோரா அவர்களை வாசலில் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

அவர் மகள் அந்த வருஷம் மாவட்டப் பந்தயத்தில் ஓடினாள். மைக்கில் ஜேக்கப் என்று கூப்பிட்டபோது மைதானமே எந்தப் பையன் என்று தேடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிளாரா நின்று அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் அவரோடு பேசவில்லை. வாரங்கள் போயின, பேசவில்லை. அவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்கத் தனக்கு உரிமை உண்டா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் மணல் வழியில் நடந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். கால் வீங்கிக் கடுத்தது. கரண்ட் போயிருந்தது, கூடத்தில் நல்ல இருட்டு, எத்தனையோ நாளாக அவர் ஏங்கிய இருட்டு. அதில் உட்கார்ந்தும் அவர் கைகள் அவருக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. உள்ளேயிருந்து காலடிச் சத்தம் வந்தது, இரண்டு காலும் ஒரே கனத்தில் விழும் சத்தம். அவள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைப் படியில் வைத்தாள். கீழ்ப்படியில் உட்கார்ந்து, அவர் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஜேக்கப் என்று பெயர்கொண்ட அந்தப் பெண், குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கா?" என்றாள்.

"வலிக்கி" என்றார் அவர். ஏழு ஊரில் யாரிடமும் அவர் சொல்லாத வார்த்தை அது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.